கோதுமை பீரில் மாம்பழக் கூழ்: எப்போது, எவ்வளவு?

நுரைமீசை (ஹில்ஸ்போரோ, ஆரிகன்)

எல்லோருக்கும் வணக்கம். கேரேஜில் ஒரு பக்கெட் கோதுமை பீர் புளித்துக்கொண்டிருக்கிறது. அதில் பழம் சேர்க்கலாமா என்று யோசனை. சேர்த்ததெல்லாம் இதுதான்: கோதுமை மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பவுடர் 6 பவுண்டு, கசப்புக்கு வில்லாமெட் ஹாப்ஸ் 1 அவுன்ஸ், ஈஸ்ட் யுஎஸ்-05. மொத்தம் 5 கேலன், அதாவது 19 லிட்டர். பக்கெட் ஆறரை கேலன். ஆரம்ப கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, சர்க்கரை புளிக்கப் புளிக்க இறங்கும்) 1.052. ஒரு வாரம் ஆகப்போகிறது. இன்று காலை பார்த்தால் 1.018. ஏர்லாக்கில் (கேஸை மட்டும் வெளியே விடுகிற மூடிக் குழாய்) குமிழி ரொம்பக் குறைந்துவிட்டது.

ஜூலை கடைசியில் மச்சான் குடும்பத்தோடு டல்லாஸிலிருந்து வருகிறார். அவருக்கு மாம்பழம் என்றால் உயிர். இந்தியன் கடையில் அல்போன்ஸா கூழ், 850 கிராம் டின் மூன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை நேரே கொட்டலாமா, கொதிக்க வைத்து ஆற்றி ஊற்ற வேண்டுமா? மூன்று டின் போதுமா, கூடுதலா? குமிழி குறைந்துவிட்டதால் இன்றே போட்டுவிடலாமா?

வீட்டில் அன்னாசி போடச் சொல்கிறார்கள். கூட வேலை பார்க்கிற ஒருவர் ராஸ்பெர்ரி என்று அடித்துச் சொல்கிறார். என்னிடம் கெக் (அழுத்தம் தாங்குகிற பீர்ப் பீப்பாய்) கிடையாது, பாட்டில்தான். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

ஹாப்ஸ்கொடி (கார்வாலிஸ், ஆரிகன்)

வணக்கம் நண்பரே. இன்று மூடியைத் திறக்காதீர்கள். 1.018 என்றால் ஈஸ்ட் இன்னும் வேலையில் இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டில் செய்த பீர் பெரும்பாலும் 1.012 பக்கம் வந்துதான் நிற்கும். நிற்கட்டும். குமிழியை நம்ப வேண்டாம், கிராவிட்டி அளக்கிற ஹைட்ரோமீட்டரை நம்புங்கள்.

காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் வாசனை. ஈஸ்ட் மும்முரமாக இருக்கும்போது வெளியே போகிற கார்பன் டை ஆக்ஸைடு, பழத்தின் மணத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும். கேரேஜ் மணக்கும், பீரில் மணம் மிஞ்சாது. முதல் நொதித்தல் அடங்கிய பிறகு பழத்தைப் போட்டால் இரண்டாவது நொதித்தல் மெதுவாக நடக்கும், மணம் உள்ளேயே தங்கும். அந்த நேரத்தில் பீரில் ஆல்கஹால் சேர்ந்திருக்கும், புளிப்பும் ஏறியிருக்கும், ஹாப்ஸும் இருக்கிறது. பழத்தோடு வருகிற பாக்டீரியா தலைதூக்குவது கஷ்டம். இன்னும் புளிக்காத இனிப்பான மால்ட் கரைசலில் (வோர்ட்) பழத்தைப் போடுவதைவிட இது எத்தனையோ மடங்கு பாதுகாப்பு.

கொதிக்க வைக்கவே வேண்டாம். கொதித்தால் பழத்தின் பெக்டின் (ஜாமை இறுக வைக்கிற பசை) வெளியே வந்து பீர் கலங்கும். கோதுமை பீர் கலங்கலாக இருப்பது ஒன்றும் குற்றமில்லை, அதை விடுங்கள். ருசிதான் போய்விடும். காய்ச்சிய மாம்பழம் ஜாம் வாசனைக்கு வந்துவிடும், காய்ச்சாத பழத்தின் வாசனை திரும்பவே திரும்பாது. டின் கூழை ஏற்கெனவே சூடாக்கித்தான் அடைக்கிறார்கள். டின்னின் மேல்பக்கம், ஓப்பனர், கரண்டி எல்லாவற்றையும் ஸ்டார் சானில் (கிருமிநீக்கித் திரவம்) நனைத்துத் திறந்து நேரே ஊற்றலாம்.

அதற்கு முன் லேபிளைப் படியுங்கள். மாம்பழக் கூழ், சர்க்கரை, சிட்ரிக் அமிலம் என்று இருந்தால் சரி. பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் என்று ஏதாவது இருந்தால் அந்த டின்னை லஸ்ஸிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவை ஈஸ்ட் பெருகுவதைத் தடுக்கிற சரக்கு. பழம் அரைகுறையாகப் புளிக்கும், பாட்டிலில் கேஸ் ஏறுவதும் சந்தேகம்.

இனி, டின்னைத் திறக்கும் முன் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம்: மாம்பழத்தின் இனிப்பு பீரில் தங்காது. ஈஸ்ட் அதை முழுசாகத் தின்றுவிடும். சர்க்கரை சேர்க்காத கூழ் 2 கிலோ போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராமுக்கு 14 கிராம் சர்க்கரை என்றால் மொத்தம் 280 கிராம். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1 சதவீதம் ஆல்கஹால். ஆனால் பழத்தில் மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர், அதுவும் பீரோடு கலக்கிறது. கடைசியில் 5.2 சதவீத பீர் 5.5 பக்கம் போகும், அவ்வளவுதான். போதை ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம். இனிப்பு போன பிறகு என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. மாம்பழத்தின் ருசியில் பாதி இனிப்பு. அது போனதும் மிஞ்சுவது ஒரு மெல்லிய வாசனை மட்டும், புளிப்பு குறைவு. 'மாம்பழம் எங்கே?' என்று மச்சான் கேட்பார்.

அதனால்தான் கோதுமை பீருக்கு ராஸ்பெர்ரி என்பது என் கட்சி. உங்கள் நண்பர் சொன்னது சரி. ராஸ்பெர்ரியின் புளிப்பை ஈஸ்ட் தொடாது, வாசனையும் முரட்டு வாசனை. கோதுமையின் ரொட்டி ருசிக்கு அந்தப் புளிப்பு அப்படிப் பொருந்தும். உங்கள் ஈஸ்டும் அதற்குத் தோதானது. போர்ட்லாந்தில் விட்மர் சகோதரர்கள் 1986-ல் வடிகட்டாமல் கலங்கலாகவே ஊற்றிக்கொடுத்துப் பேர் வாங்கினார்களே, அந்த அமெரிக்கக் கோதுமை பீர் வகையில் ஈஸ்ட் தன் வாசனையைக் காட்டாது. பழம் பேசுவதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும்.

ராஸ்பெர்ரி உள்ளே போனால் நடப்பதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். முதல் நாள் பழமெல்லாம் மேலே மிதந்து, சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு வளையம் கட்டும். அடுத்தடுத்த நாட்களில் நிறம் கீழே இறங்கிக்கொண்டே வரும். ஒரு வாரத்தில் பழத்தில் நிறமே இருக்காது. நனைந்த காகிதம் மாதிரி வெளுத்து, கையால் தொட்டால் விதையும் தோலுமாகப் பிரியும். நிறம் முழுக்க பீருக்குள் போயிருக்கும். பழம் தன் வேலையை முடித்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

அளவு: ராஸ்பெர்ரி கேலனுக்கு அரை பவுண்டில் வாசனை தெரியும், 1 பவுண்டில் அதுவே ராஜா. லிட்டர் கணக்கில் சொன்னால் 60-லிருந்து 120 கிராம். நான் முக்கால் பவுண்டில் நிறுத்துவேன், அதற்கு மேல் கோதுமை காணாமல் போகிறது. ஸ்ட்ராபெர்ரிக்கு கேலனுக்கு 2 பவுண்டு போட்டாலும் சில வாரத்தில் வாசனை மங்கிவிடும். அதில் பணத்தைப் போடாதீர்கள். நம் ஊரிலேயே விளைகிற மேரியன்பெர்ரியையும் மறந்துவிட வேண்டாம். 1956-ல் இங்கே மேரியன் கவுண்டியின் பெயரை வைத்து வெளியிட்ட ரகம். ஜூலையில் சாவி தீவுப் பண்ணைகளில் நாமே பறித்துக்கொள்ளலாம். ராஸ்பெர்ரியைவிட ஆழமான ருசி, நிறம் கருஞ்சிவப்பு.

கடை ஃப்ரீசரில் இருக்கிற பழமே போதும். உறையும்போது பழத்தின் உள்ளே பனி ஊசி ஊசியாகக் கட்டி செல் சுவர்களைக் கிழித்துவிடும், உருகினால் சாறு தானாக இறங்கும். ஆனால் ஃப்ரீசர் காட்டு ஈஸ்டைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். பண்ணையில் பறித்த பழமென்றால் நான் உறைய வைத்து, உருக்கி, அடி கனமான பாத்திரத்தில் 70 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றிப் பத்து நிமிடம் வைப்பேன். தெர்மாமீட்டர் கையிலேயே இருக்க வேண்டும், 80-ஐத் தொடவிடக் கூடாது. ஆறிய பிறகு வலைப்பையில் கட்டி பீரில் இறக்கிவிடுவேன்.

சரி, மச்சானுக்கு மாம்பழம்தான் என்றால் அதற்கும் வழி உண்டு. மூன்று டின் சேர்ந்தால் 2.55 கிலோ, லிட்டருக்கு 130 கிராம் சொச்சம். மாம்பழத்துக்கு அது குறைந்தபட்சம், கூடுதல் இல்லை. ஒரு டின்னுக்குப் பதிலாக அதே எடைக்கு ஏப்ரிகாட் கூழ் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரிகாட்டின் புளிப்பு, இனிப்பு போன மாம்பழத்துக்கு முதுகெலும்பு கொடுக்கும். குடிப்பவருக்கு அது மாம்பழமாகவே படும். கடைசி மூன்று நாள் சிட்ரா ஹாப்ஸ் அரை அவுன்ஸ் போட்டால் இன்னும் தூக்கும், அந்த ஹாப்ஸிலேயே மாம்பழ வாசனை இருக்கிறது. டின்னில் சர்க்கரை சேர்த்திருந்தால் ஆல்கஹால் நான் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடும். லேபிளில் மொத்த சர்க்கரை போட்டிருக்கும், கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூழ் அடியில் சேறாகப் படியும். 2 லிட்டர் பீர் அதோடு போகும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் அடைப்பதற்கு முன் இரண்டு நாள் பக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைக்க முடிந்தால் சேறு இறுகும், நஷ்டம் குறையும்.

பாட்டில் விஷயத்தில் மட்டும் அவசரமே கூடாது. பழத்தில் கொஞ்சம் சர்க்கரை மிச்சம் இருக்கும்போது மூடிவிட்டால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடி கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பழம் போட்டு பத்து நாள் விடுங்கள். அப்புறம் மூன்று நாள் இடைவெளியில் எடுத்த ரீடிங் அசையாமல் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். அதன் பிறகு பாட்டிலில் கேஸ் ஏறுவதற்கு லிட்டருக்கு 6 கிராம் சாதாரண சர்க்கரை, தராசில் எடை போட்டு. கோதுமை பீருக்கு இன்னும் கேஸ் வைப்பார்கள், ஆனால் சாதாரண பீர் பாட்டிலுக்கு 6 கிராமே போதும். பாட்டிலில் இரண்டு வாரம். ஜூலை கடைசி என்றால் நேரம் தாராளமாக இருக்கிறது.

பசைநுரை (லீட்ஸ், இங்கிலாந்து)

அண்ணா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அன்னாசியை மட்டும் விட்டுவிட்டார். நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள், அதனால் அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

பச்சை அன்னாசியை, அதாவது சூடாக்காத அன்னாசியை, பீரில் போடாதீர்கள். அதில் புரோமலின் என்ற என்ஸைம் இருக்கிறது, புரதத்தை வெட்டிப் போடுகிற என்ஸைம். கோதுமை பீரின் தடித்த வெள்ளை நுரை எதனால் நிற்கிறது? கோதுமையின் புரதத்தால்தான். புரோமலின் அதை அறுத்துவிட்டால் நுரை ஊற்றியவுடன் சோடா மாதிரி சீறி அடங்கிவிடும். பப்பாளியில் பப்பெய்ன், கிவியில் ஆக்டினிடின், இரண்டும் இதே வேலையைத்தான் செய்யும். குளிரில் பீர் கலங்குவதைத் தடுக்க ஒரு காலத்தில் பெரிய பீர் ஆலைகளே பப்பெய்னைச் சேர்த்தார்கள், அந்தக் கலங்கலுக்கும் புரதம்தான் காரணம்.

டின் அன்னாசியில் இந்தப் பிரச்சினை இல்லை. சூட்டில் என்ஸைம் செத்துவிடுகிறது. டின் அன்னாசி ஜெல்லியில் உறையும், பச்சை அன்னாசி உறையாது என்பது சமையல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், அதே காரணம்தான். ஆகவே வீட்டில் அன்னாசி என்று பிடிவாதம் பிடித்தால் டின் வாங்குங்கள். கரைசல் சர்க்கரைப்பாகாக இல்லாமல் அன்னாசிச் சாறாகவே இருக்கிற டின்னாகப் பாருங்கள்.

ஆரஞ்சு, எலுமிச்சைக்கு இன்னொரு எச்சரிக்கை: மேல்தோலை மட்டும் சீவி எடுங்கள். உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதி துளி சேர்ந்தாலும் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். சீவிய தோலை கொஞ்சம் வோட்காவில் சில நாள் ஊற வைத்து, வடித்த சாரத்தை பாட்டில் அடைக்கும் அன்று சேர்த்தால் அளவு உங்கள் கையில் இருக்கும்.

இசார்க்கரை (மியூனிக்)

நான் இருப்பது பவேரியாவில், அதனால் என் பேச்சு கொஞ்சம் ஒருபக்கமாக இருக்கலாம். 1516-ல் போட்ட பீர் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று மூன்றைத்தான் சொன்னது. கோதுமை பீர் காய்ச்சும் உரிமை வெகுகாலம் ஆள்பவர்கள் கையிலேயே இருந்தது. 1872-ல் கியோர்க் ஷ்னைடர் அந்த உரிமையைப் பெற்ற பிறகுதான் அது தனியார் கைக்கு வந்தது. இங்கே பீர்ப் பானைக்குள் பழம் போடுகிற பழக்கம் இல்லை.

ஆனால் பழமே இல்லையென்று நினைக்காதீர்கள், அது கிளாஸில் சேரும். வாழைப்பழச் சாறைக் கொஞ்சம் விட்டு மேலே வைஸ்பியரை (இங்கத்திய கோதுமை பீர்) ஊற்றினால் பனானென்வைட்ஸன். பெர்லினில் புளிப்பான பெர்லினர் வைஸ்ஸேவில் ராஸ்பெர்ரி சிரப் விட்டுச் சிவப்பாகவும், வால்ட்மைஸ்டர் என்ற மூலிகை சிரப் விட்டுப் பச்சையாகவும் குடிக்கிறார்கள். இனிப்பு அப்படியே இருக்கும், ஏனென்றால் ஈஸ்டுக்கு அதைத் தின்ன நேரம் கொடுக்கவில்லை.

உங்கள் மச்சானுக்கு வேண்டியது அல்போன்ஸாவின் இனிப்பு என்றால் பீரை அப்படியே நல்ல கோதுமை பீராக முடியுங்கள். அவர் வந்த அன்று கிளாஸின் அடியில் இரண்டு ஸ்பூன் கூழ் விட்டு, சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றிக் கொடுங்கள். வேகமாக ஊற்றினால் பொங்கி மேஜையெல்லாம் ஓடும். ஒன்றும் வீணாகாது, 2 லிட்டர் சேறும் இல்லை.

ஹாப்ஸ்கொடி

பசைநுரை, அன்னாசி விஷயத்துக்கு நன்றி. நுரையைப் பற்றிச் சொன்னது இந்தத் திரியிலேயே மிக முக்கியமான தகவல்.

இசார்க்கரை சொன்ன கிளாஸ் வழி சுலபமானது, மாம்பழத்துக்கு நான் அதை மறுக்கவும் மாட்டேன். ஆனால் சாறு கலந்த பீரும் பழத்தோடு புளித்த பீரும் ஒன்றில்லை. பெல்ஜியத்தில் லாம்பிக் என்ற, காட்டு ஈஸ்டில் புளிக்கிற பீரில் புளிப்புச் செர்ரியை மாதக்கணக்கில் ஊறவிட்டு க்ரீக் செய்கிறார்களே, அதுவும் கோதுமை சேர்ந்த பீர்தான். அதில் இனிப்பு துளியும் இல்லை, செர்ரி மட்டும் முழுசாக இருக்கிறது. கொட்டையின் மெல்லிய பாதாம் வாசனைகூட வரும். ஈஸ்ட் சர்க்கரையை எடுத்துக்கொண்ட பிறகு பழம் என்னவாக இருக்கிறது என்று காட்டுகிற பீர் அது. கிளாஸில் ஊற்றுகிற சிரப்பால் அது முடியாது.

இன்னொன்று, அடுத்த முறைக்கு. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் பியர் செலிஸ் 1966-ல் மறுபடி உயிர் கொடுத்த வெள்ளை பீரில் ஆரஞ்சுத் தோலோடு கொத்துமல்லி விதையும் போகும். அதற்கு அமெரிக்க சூப்பர் மார்க்கெட் கொத்துமல்லியைவிட இந்தியன் கடைக் கொத்துமல்லிதான் எடுப்பு. நீள்வட்டமாக, வெளிறி இருக்குமே, அது. எலுமிச்சை வாசனை அதில் கூடுதல். 15 கிராமை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டி, கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது போட்டால் போதும்.

நுரைமீசை

எல்லோருக்கும் நன்றி. கிராவிட்டி 1.012-ல் நின்றது. லேபிளில் ப்ரிசர்வேட்டிவ் எதுவும் இல்லை. பீரை இரண்டாகப் பிரித்தேன்: 3 கேலனில் மாம்பழக் கூழ் இரண்டு டின்னும் ஏப்ரிகாட் ஒரு டின்னும், மீதி 2 கேலனில் ஃப்ரீசர் ராஸ்பெர்ரி ஒன்றரை பவுண்டு. அன்னாசியை விட்டாச்சு, வீட்டில் காரணம் சொன்னதும் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது ஒரு பயம். ராஸ்பெர்ரி பக்கெட்டில் பழத்துக்கு மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. கெட்டுவிட்டதா? கொட்ட வேண்டுமா?

ஹாப்ஸ்கொடி

கொட்டாதீர்கள். எப்படி இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமாக, நுரையும் பழத் துணுக்கும் கலந்து, பக்கெட்டை லேசாக ஆட்டினால் உடைகிறது என்றால் அது ஈஸ்ட். மறுபடி வேலை ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம், சந்தோஷப்படுங்கள். உலர்ந்த, சுருங்கிய மெல்லிய ஏடாக, உள்ளே பெரிய பெரிய குமிழி மாட்டிக்கொண்டு இருந்தால் காட்டு ஈஸ்டோ பாக்டீரியாவோ வந்திருக்கிறது. அப்போதும் ருசி பார்த்து முடிவு செய்யலாம், பீர் புளிப்பாக மாறும். ஆனால் சாதாரண பாட்டிலில் அடைக்காதீர்கள், அவை மாதக்கணக்கில் கேஸ் விட்டுக்கொண்டே இருக்கும். பூனைமயிர் மாதிரி பச்சையாகவோ கறுப்பாகவோ முளைத்திருந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

பழம் மேலே உலர்ந்து கிடப்பதுதான் பூஞ்சைக்கு வாசல். ஸ்டார் சானில் நனைத்த கரண்டியால் தினமும் ஒரு தடவை மெதுவாக அமுக்கி நனைத்துவிடுங்கள். கலக்காதீர்கள், காற்று சேர்ந்தால் நிறமும் வாசனையும் மங்கும். மாம்பழத்தைத் தொடவே வேண்டாம், அது தானாக இறங்கும்.

ஏர்லாக் ராஸ்பெர்ரி விதையால் அடைத்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்தால் மூடி தூக்கி எறியப்படும். பாட்டிலில் அடைக்கும் முன் இரண்டு பக்கெட்டின் ரீடிங்கையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

நுரைமீசை

ஈரமாகத்தான் இருக்கிறது, ஆட்டினதும் உடைந்துவிட்டது. நன்றி அண்ணா. ரீடிங் எடுத்ததும் போடுகிறேன்.